டைமிங் பெல்ட் மாற்றிய பின் இன்ஜின் தகராறு: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழிமுறை

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் ஒத்துச் சுழல வைப்பதுதான் டைமிங். கனரக லாரிகளில் அது பெரும்பாலும் கியரில்தான் ஓடும். பெல்ட் வைத்தவை பிக்கப் வண்டிகளும் சின்ன லாரிகளும். அவற்றில் பெல்ட் மாற்றியதும் தொல்லை ஆரம்பித்தால், வேலைக்காகக் கழற்றிய, அசைத்த, தள்ளி வைத்த பொருள்களில்தான் பத்துக்கு ஒன்பது முறை காரணம் இருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய இன்ஜெக்டரோ ஈசிஎம்மோ (இன்ஜின் கணினி) பெல்ட் மாற்றிய நாளாகப் பார்த்துக் கெடுவது அபூர்வம். ஆகவே ஸ்கேனர் சொன்னது என்று சென்சார் வாங்க ஓடாதீர்கள். காசு செலவில்லாத சோதனைகள் நிறைய இருக்கின்றன, அவை முதலில்.

தேட ஆரம்பிக்கும் முன் ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும். பழைய பெல்ட் அறுந்து வண்டி நின்றதா, இல்லை கிலோமீட்டர் முடிந்ததால் முன்கூட்டியே மாற்றியதா? அறுந்திருந்தால், அதுவும் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதக்கூடிய வகை இன்ஜினாக இருந்தால், வால்வு முன்பே வளைந்திருக்கலாம். புதுப் பெல்ட்டை எவ்வளவு சரியாகப் போட்டாலும் பயனில்லை. டீசல் இன்ஜின்கள் ஏறக்குறைய எல்லாமே மோதும் வகை. பெட்ரோலில் இரண்டு வகையும் உண்டு. டொயோட்டாவின் 5விஇசட்-எஃப்இ வி6 மோதாத வகை. முன்கூட்டியே மாற்றியதென்றால் பொருத்தியதில்தான் பிழை என்று வைத்துக்கொண்டே தேடுங்கள்.

எல்லா அறிகுறிக்கும் முன்னால்: கையால் இரண்டு சுற்று

பேட்டரி எர்த் வயரைக் கழற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை (டீசலில் குளோ பிளக்குகளை) எடுத்துவிட்டால் கம்ப்ரஷன் தடுக்காது. கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான பார் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முன்பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்களில் அது கடிகாரத் திசை. பின்னோக்கிச் சுற்றக் கூடாது. பெல்ட்டின் தளர்வு டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) இல்லாத பக்கம் போய், பல் தாண்டிவிடும்.

பிளக்குகளை எடுக்காமல் சுற்றினால் இரண்டு விதமான தடை வரும், கைக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். கம்ப்ரஷன் தடை ஸ்பிரிங்கை அமுக்குவது போல இருக்கும். பாரைப் பிடித்தபடி சில நொடி காத்திருந்தால் காற்று கசிந்து தானாக இளகும். பிஸ்டன் வால்வில் முட்டினால் இரும்பில் இரும்பு பட்டு ‘டக்’கென்று நிற்கும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இளகாது. அந்த இடத்தில் பாருக்கு இன்னும் பலம் கொடுத்தால் வால்வை நீங்களே வளைக்கிறீர்கள். உடனே நிறுத்தி, பெல்ட்டை இறக்கி, மார்க்கை மறுபடி பாருங்கள்.

இரண்டு முழுச் சுற்று முடிந்ததும் கிராங்க், கேம், டீசலானால் இன்ஜெக்‌ஷன் பம்ப் ஆகியவற்றின் மார்க்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் தத்தம் இடத்துக்கு வர வேண்டும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒரு சுற்று போதாது. கிராங்க் மார்க்கை எங்கே பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல இன்ஜின்களில் வெளிப்புற புல்லியில் உள்ள கோடு இக்னிஷன் டைமிங்குக்கு. பெல்ட்டுக்கான மார்க் உள்ளே, பற்சக்கரத்தில் சிறு குழியாகவோ புள்ளியாகவோ இருக்கும். இரண்டையும் குழப்பினால் பல பாகை விலகிப்போகும்.

இதில் பலரும் வீணாகப் பயப்படுகிற இடம் ஒன்று உண்டு. புதுப் பெல்ட்டின் மேல் அச்சிட்ட கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பிறகு மார்க்குகளோடு சேராது. அது பிழையில்லை. உதாரணமாக, பெல்ட்டில் 150 பல், கிராங்க் சக்கரத்தில் 24 பல் என்றால், இரண்டு சுற்றில் பெல்ட் 48 பல்தான் நகரும். கோடு திரும்பப் பழைய இடத்துக்கு வர கிராங்க் 50 சுற்று சுற்ற வேண்டும். பெல்ட்டின் கோடு மாட்டும்போது மட்டும் உதவும். மாட்டிய பின் பற்சக்கரத்தின் மார்க்கும் பிளாக்கில் உள்ள மார்க்கும்தான் சாட்சி.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

காதைக் கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் சத்தத்திலேயே பாதி விடை இருக்கிறது.

வழக்கமான தாளத்தில், ஏறி இறங்கிச் சுற்றினால் கம்ப்ரஷன் இருக்கிறது. அப்படியானால் பொறியோ டீசலோ வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். முதலில் கிராங்க் சென்சார். அதன் வயர் பெல்ட் கவரை ஒட்டியே போகும். கவரை மூடும்போது நசுங்கியிருக்கலாம், கனெக்டர் முழுதாக உட்காராமல் இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் மீட்டர் முள் கொஞ்சம்கூட அசையவில்லையா, ஸ்கேனரில் ஆர்பிஎம் பூஜ்யமா? சந்தேகம் உறுதி. சில இன்ஜின்களில் கிராங்க் பற்சக்கரத்தோடு சேர்த்து ஒரு மெல்லிய தகடு வரும். சென்சார் படிப்பது அதைத்தான். அதைத் திருப்பிப் போட்டாலோ மாட்ட மறந்தாலோ பொறியே வராது. திருப்பிப் போட்ட தகடு சென்சாரின் மூக்கை உரசி உடைப்பதும் உண்டு.

டீசலில் ஃபில்டரையோ குழாயையோ கழற்றியிருந்தால் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள கைப் பம்ப் கெட்டியாகும் வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பழைய சுழல் வகை இன்ஜெக்‌ஷன் பம்ப் கேமின் வேகத்திலேயே சுற்றும். அது அரைச் சுற்று தப்பியிருந்தால் வெளியேற்ற ஸ்ட்ரோக்கில் டீசல் தெளிக்கும், புகை வருமே தவிர இன்ஜின் பிடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய பெட்ரோல் இன்ஜினில் இதே தவறு, காற்று வடிகட்டி வழியாக ‘படார்’ என்று திருப்பி அடிக்கும்.

செல்ஃப் மோட்டார் தடையே இல்லாமல் ‘விர்ர்’ரென்று வேகமாகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை. ஒன்று டைமிங் பல பற்கள் விலகியிருக்கிறது, இல்லாவிட்டால் வால்வுகள் வளைந்துவிட்டன. திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்துப் பார்ப்பதில் லாபமில்லை. மார்க் சரி என்று தெரிந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைக்க வேண்டியதுதான்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நடுங்குகிறது, இழுவை இல்லை

ஒரு பல் தப்பியதற்கான அசல் அறிகுறி இது. ஒரு பல்தானே என்று நினைக்க வேண்டாம். கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது கிராங்கில் 18 பாகை. 24 பல் என்றால் 15 பாகை. கேம் சக்கரத்தில் இரட்டிப்புப் பல் இருப்பதால் அங்கே ஒரு பல் தப்பினாலும் கணக்கு அதேதான். பெரும்பாலான இன்ஜின்கள் இந்த அளவுக்கு வால்வை மோதவிடாமல் ஓடிவிடும். அதனால்தான் பிழை கண்ணில் படாமல் நாள்கணக்கில் நீடிக்கிறது.

எந்தப் பக்கம் தப்பியது என்பதை ஓட்டம் காட்டிக்கொடுக்கும். கேம் பிந்தியிருந்தால் இன்டேக் வால்வு தாமதமாக மூடும். உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப வெளியேறும். குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை இராது, ஏற்றத்தில் திணறும், ரேஸ் கொடுத்தால் ஓரளவு எழும். கேம் முந்தியிருந்தால் தலைகீழ்: கீழே பரவாயில்லை, மேலே போகப் போக மூச்சு முட்டும்.

பெட்ரோல் இன்ஜினுக்கு வாக்குவம் கேஜ் மலிவான, நேர்மையான கருவி. இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்து, சூடான இன்ஜினை ஐட்லிங்கில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வர வேண்டும். உயரமான ஊர்களில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். முள் ஆடாமல் 10 முதல் 15-க்குள் நின்றால் வால்வு டைமிங் பிந்தியிருக்கலாம். ஒரே தாளத்தில் டக் டக்கென்று கீழே விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. டீசலில் இந்தச் சோதனை உதவாது. த்ராட்டில் தடுப்பால் உண்டாகும் வாக்குவம் அதில் இல்லை.

அடுத்து கம்ப்ரஷன். பெட்ரோலில் பொதுவாக 150–200 பி.எஸ்.ஐ, டீசலில் 350–450 பி.எஸ்.ஐ வரும், உங்கள் இன்ஜினின் அளவு அதன் மேனுவலில் இருக்கும். தனி எண்ணைவிட எண்களின் ஒப்பீடுதான் பேசும். எல்லா சிலிண்டரும் ஒரே அளவுக்குக் குறைந்தால் டைமிங். வி6-இல் ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கத்துக் கேம் மட்டும் தப்பியிருக்கிறது. ஒன்றோ இரண்டோ சிலிண்டர் அடியோடு விழுந்திருந்தால் வால்வு வளைவு. அதை உறுதிசெய்ய அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுங்கள். காற்று இன்டேக் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங். காற்று திறக்கும் முன் கிராங்க் போல்ட்டிலிருந்து பாரை எடுத்துவிடுங்கள். பிஸ்டன் உச்சியில் இல்லாவிட்டால் கிராங்க் சுழன்று பார் கையை முறிக்கும்.

வி6-இல் ஒரு பக்கம் மட்டும் தப்புவதற்குப் பின்னால் எளிய காரணம் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்கின் விசையில் ஒரு கேம் சட்டென்று சில பற்கள் நகர்ந்துவிடும். அதைத் திரும்ப மார்க்குக்குக் கொண்டுவந்து பெல்ட் மாட்டும்போது கை கொஞ்சம் தளர்ந்தால் ஒரு பல் போச்சு. கிராங்கிலிருந்து டென்ஷனர் இல்லாத பக்கம் வழியாக மாட்டிக்கொண்டே போய், தளர்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் சேர்க்க வேண்டும். டென்ஷனர் இல்லாத பக்கத்தில் பெல்ட் துளி தொங்கினாலும், டென்ஷனர் விட்டதும் கேம் இழுபட்டு மார்க் நகரும்.

சில டீசல்களில் கேம் சக்கரத்துக்குச் சாவியே (சக்கரத்தைத் தண்டோடு ஒரே நிலையில் பூட்டும் சிறு துண்டு) கிடையாது. நீள்துளை போல்ட்டுகளைத் தளர்த்தி, கேமையும் கிராங்கையும் பின் போட்டுப் பூட்டி, டென்ஷன் கொடுத்த பிறகு போல்ட்டை இறுக்க வேண்டும். அவற்றில் கண்ணால் மார்க் பார்த்துப் போட்டால் பல் கணக்கு சரியாக இருந்தும் சில பாகை விலகிவிடும். பூட்டுப் பின்னை எதிர்ப்பிடியாக வைத்துக் கிராங்க் போல்ட்டை இறுக்குவது இன்னொரு கெட்ட பழக்கம்; பின் வளையும், சமயத்தில் பிளாக்கும் வெடிக்கும்.

புகையும் நாக்கிங்கும் (டீசல்)

சுழல் வகை பம்ப் உள்ள இன்ஜினில் பம்ப் ஒரு பல் முந்தினால் ஐட்லிங்கிலேயே சுத்தியல் அடி போலக் கடினமான நாக்கிங். ஒரு பல் பிந்தினால் கண் எரிக்கும் வெள்ளைப் புகை, டீசல் வாடை, இழுவைக் குறைவு. வெள்ளைப் புகையில் டீசல் வாடைக்குப் பதில் இனிப்பான வாடை வந்தால் அது கூலன்ட், வேறு விவகாரம்.

பெல்ட்டைக் கழற்றியதும் பம்ப் சக்கரமும் உள் ஸ்பிரிங்கின் விசையில் துள்ளும். மார்க்கில் பிடித்து வைத்து, அதற்கென்று விட்ட துளையில் போல்ட்டையோ பின்னையோ செருகிப் பூட்டிய பிறகே பெல்ட் மாட்டுங்கள். மார்க் எல்லாம் சரியாக இருந்தும் லேசான நாக்கிங்கோ புகையோ மிஞ்சினால், பம்ப்பின் பின்பக்கம் டயல் கேஜ் வைத்து பிளஞ்சர் எழும்பும் அளவைப் பார்த்து, பம்ப் உடலைத் திருப்பிச் சரிசெய்வார்கள். இதைக் காதால் கேட்டுச் செய்வது சூதாட்டம்.

காமன் ரெயில் இன்ஜினில் எப்போது தெளிப்பது என்று ஈசிஎம் முடிவு செய்கிறது. பம்ப் அழுத்தம் மட்டுமே தருகிறது. ஆகவே அங்கே நாக்கிங் வந்தால் பம்ப்பைச் சந்தேகிக்கும் முன் கேம், கிராங்க் மார்க்கையும் அவற்றின் சென்சார்களையும் பாருங்கள். ஏற்றத்தில் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், இடம் கிடைக்கக் கழற்றிய இன்டர்கூலர் ஹோஸின் கிளாம்ப் இறுகவில்லை என்பதுதான் பல நேரம் விடை.

ஓட்டம் நன்றாக இருக்கிறது, வண்டி முழுக்க அதிர்வு

கம்ப்ரஷன் சரி, மிஸ் ஃபயர் இல்லை, ஸ்கேனரில் எதுவும் இல்லை, ஆனாலும் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிர்கிறது. பாலன்ஸ் ஷாஃப்ட் உள்ள இன்ஜினா என்று பாருங்கள். மிட்சுபிஷியின் 4ஜி64 பெட்ரோலும் 4டி56 டீசலும் அப்படிப்பட்டவை. இந்த ஷாஃப்ட்டுகள் கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி அதிர்வை ரத்து செய்கின்றன. கட்டம் மாறினால் அதே அதிர்வைக் கூட்டிக் கொடுக்கும்.

4ஜி64-இல் இடப்பக்க ஷாஃப்ட்டை ஆயில் பம்ப் சக்கரம் ஓட்டுகிறது. சக்கரத்தின் மார்க் பொருந்தினாலும் உள்ளே ஷாஃப்ட் தலைகீழாக இருக்கலாம். வெளியே இருந்து தெரியாது. பிளாக்கின் இடப்பக்கம் உள்ள பிளக் போல்ட்டைக் கழற்றி, அந்தத் துளையில் 8 மி.மீ தண்டுள்ள ஸ்க்ரூ டிரைவரைச் செருகுங்கள். 60 மி.மீ அல்லது அதற்கு மேல் உள்ளே போனால் சரி. 20–25 மி.மீட்டரிலேயே முட்டினால் ஆயில் பம்ப் சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி, மார்க்கை மறுபடி சேர்த்துச் செருகிப் பாருங்கள். பெல்ட் மாட்டி முடிக்கும் வரை ஸ்க்ரூ டிரைவர் அங்கேயே இருக்கட்டும். கிராங்கைச் சுற்றும் முன் மறக்காமல் எடுங்கள். பெரிய பெல்ட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் சின்னப் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றியிருக்க வேண்டும். அது அறுந்தால் துண்டு பெரிய பெல்ட்டில் சிக்கிப் பல்லைத் தாண்ட வைக்கும்.

பாலன்ஸ் ஷாஃப்ட் இல்லாத இன்ஜினா? கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள். புல்லரின் கொக்கியை வெளி விளிம்பில் மாட்டி இழுத்திருந்தால் ரப்பர் விட்டிருக்கும். இன்ஜின் மவுண்ட் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டுகளும்.

புதுச் சத்தங்கள்

ஆர்பிஎம்மோடு ஏறும் ஊளை: பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. அப்படியே விட்டால் வாட்டர் பம்ப் பேரிங் முதலில் போகும். சாய்மைய டென்ஷனரை (அச்சு நடுவில் இல்லாத, திருப்பி இறுக்கும் வகை) தப்பான திசையில் திருப்பினாலும் பெல்ட் இறுகும், ஆனால் முள் காட்டும் இடத்தில் நிற்காது. கம்பனி குறித்த திசையிலேயே திருப்ப வேண்டும். டென்ஷன் வைப்பது இன்ஜின் ஆறிய பிறகுதான். சூட்டில் ஹெட் விரிந்திருக்கும்போது வைத்த அளவு ஆறியதும் தளர்ந்துவிடும்.

கவருக்குள் ‘பட பட’ அடிப்பது தளர்ந்த பெல்ட். ஹைட்ராலிக் டென்ஷனரில் பூட்டுப் பின்னை எடுக்க மறந்தாலும், பழைய டென்ஷனரின் ஆயில் கசிந்து போயிருந்தாலும் இப்படி வரும். கழற்றிய டென்ஷனரின் தண்டு கைப் பலத்திலேயே உள்ளே போனால் அது குப்பைக்கு. நல்லதை வைஸில் நேராக நிறுத்தி மிக மெதுவாகத்தான் அமுக்க முடியும். அவசரப்பட்டால் உள் சீல் கிழியும்.

சீரான உரசலும் கவருக்குள் கறுப்புப் பொடியும்: பெல்ட் ஓரம் எதையோ தொடுகிறது. பெல்ட் கவர் போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. நீளமானதைக் குட்டைத் துளையில் போட்டால் அதன் நுனி பெல்ட்டைத் தொடும். கிராங்க் சக்கரத்தின் முன் வரும் குழிவான வாஷரின் குழி வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் போட்டால் விளிம்பு பெல்ட்டை அறுக்கும். பெல்ட் ஒரு பக்கமாகவே நகர்ந்து போனால் ஐட்லர் (பெல்ட்டை வழிநடத்தும் சக்கரம்) போல்ட் சாய்ந்திருக்கும், அல்லது பழைய கேஸ்கெட்டைச் சுரண்டாமல் வாட்டர் பம்ப்பை வைத்ததால் பம்ப் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் டைமிங் பெல்ட்டே இல்லை, வெளியே உள்ள ஃபேன் பெல்ட். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அதுதான்.

செக் இன்ஜின் விளக்கு

ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் முதல் பக்கக் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை. வி6-இல் இரண்டாவது பக்கத்துக்கு பி0018. கேம் கட்டத்தை மாற்றும் அமைப்பு உள்ள இன்ஜினில் ஆயில் வால்வு கெட்டாலும் இந்தக் குறியீடு வரும், ஆனால் பெல்ட் மாற்றிய கையோடு வந்தால் பெல்ட் மார்க்கைத்தான் திறந்து பார்க்க வேண்டும். பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0340 கேம் சென்சார் சர்க்யூட்: இரண்டுக்கும் கனெக்டர், வயர், அப்புறம்தான் சென்சார். பி0300 மட்டும் தனியாக வந்தால் பிளக் வயர் மாறியிருக்கிறதா, வாக்குவம் ஹோஸ் ஏதும் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி கழற்றியதால் ஐட்லிங் ஏறி இறங்கினால் கொஞ்சம் ஓடியதும் சரியாகிவிடும். குறியீடு எதுவும் இல்லாவிட்டால் அதற்காகப் பதறத் தேவையில்லை.

சூடு, கசிவு, மற்றவை

வாட்டர் பம்ப்பும் மாற்றியிருந்து சூடு ஏறினால் முதலில் ஏர் லாக் (கூலன்ட் குழாய்களில் சிக்கிய காற்று). வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடி ஆறிய இன்ஜினில் கூலன்ட் ஊற்ற ஆரம்பியுங்கள். ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. தெர்மோஸ்டாட்டில் குட்டி வால்வு இருந்தால் அது மேல் நோக்கி இருக்க வேண்டும்.

பெல்ட் கவரின் அடியில் ஆயில் சொட்டினால் கிராங்க் அல்லது கேம் சீலின் உதடு மடங்கியிருக்கும். சீலை மாற்றுவதோடு விடக் கூடாது, ஆயிலோ கூலன்ட்டோ நனைத்த பெல்ட்டைத் துடைத்துப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள்.

கிராங்க் புல்லி ஆடினால் இன்ஜினை உடனே அணையுங்கள். அந்த போல்ட் சில இன்ஜின்களில் 200 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் கேட்கும், கை அளவில் விட்டால் சாவியும் கிராங்க் மூக்கும் தேய்ந்து, டைமிங் தானாகவே நகரும். பேட்டரி விளக்கு எரிந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் கனெக்டரும். டி-பெல்ட் விளக்கு (டைமிங் பெல்ட் மாற்றும் நேரத்தை நினைவூட்டுவது) எரிந்துகொண்டே இருந்தால் அது பழுதில்லை. கிலோமீட்டர் கணக்கை யாரும் பூஜ்யமாக்கவில்லை.